கற்பலகையும் கற்கும் குழந்தையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

முன்னுரை

கல்விக்கு ஆகும் செலவு என்று பேசும்போது கட்டணத்தையும் புத்தகத்தையும் சீருடையையும் நாம் கணக்கிடுகிறோம். ஒரு குழந்தை எதன்மேல் எழுதிப் பழகுகிறது என்பதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சென்ற ஆண்டு வரை நானும் அதைப் பற்றிச் சிந்தித்தவன் அல்லன். நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமுக்காக ஏழு நாட்கள் ஒரு சிற்றூரில் தங்கியிருந்தபோது, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எனக்கு அதனைக் கற்பித்தாள்.

அது ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப்பள்ளி. காலையில் ஏரிக்கரை வேலை. பிற்பகலில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்துப் பயிற்சி என்று எங்களுக்குப் பணி பிரிக்கப்பட்டிருந்தது. மற்றக் குழந்தைகள் எழுதிக்கொண்டிருக்க, அந்தச் சிறுமி மட்டும் பென்சிலைக் கையில் பிடித்தபடி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா எழுதல?" என்று கேட்டேன். "தப்பா எழுதிட்டா நோட்டு வீணாப் போயிடும்ண்ணா. அம்மா திட்டும்" என்றாள். ஓய்வு வேளையில் அதே சிறுமி வேப்பமரத்தடியில் குச்சியால் மண்ணில் எழுதுவதைப் பார்த்தேன். எழுதினாள், காலால் அழித்தாள், மீண்டும் எழுதினாள். தாளின் முன் அஞ்சிய கை மண்ணின்மேல் அஞ்சவில்லை.

முகாம் முடிந்து வீடு திரும்பியதும் இதனை என் தாயாரிடம் கூறினேன். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஏன் நின்றார் என்பதை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார். அவருடைய சிலேட்டு உடைந்துபோயிற்று. "அடுத்த சந்தைக்கு வாங்கலாம்" என்று பாட்டனார் சொன்னாராம். அடுத்த சந்தைக்குள் களையெடுக்கும் பருவம் வந்துவிட்டது. களைக்குப் போன கை பிறகு பள்ளிக்குத் திரும்பவில்லை. இன்றும் என் தாயார் பால் கணக்கைச் சமையலறைச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு போட்டுத்தான் வைக்கிறார். மாதம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் காலடி வைத்த முதல் ஆள் நான். ஒரு சிலேட்டின் விலை என்ன என்ற கேள்வி அன்று முதல் எனக்குச் சிறிய கேள்வியாகத் தோன்றவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

மணலில் தொடங்கிய கல்வி

நம் நாட்டில் எழுத்துக் கல்வி மணலில்தான் தொடங்கியது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, தரையில் பரப்பிய மணலில் சுட்டு விரலால் எழுதிப் பழகும். ஆசிரியரோ, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையோ முதலில் எழுதிக் காட்டுவார். பிள்ளை அதன்மேலேயே விரலை ஓட்டி வடிவத்தைக் கைக்குப் பழக்கும். எழுத்து நன்கு படிந்த பிறகே பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். விசயதசமி நாளில் நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே இருப்பதை அனைவரும் அறிவோம்.

இந்த வரிசைமுறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மணலில் எழுதியதை ஒரு கை வீச்சில் அழித்துவிடலாம். ஓலையில் எழுத்தாணி கீறியதை அழிக்க முடியாது. ஓலையைப் பதப்படுத்தி ஒழுங்காக நறுக்குவதும் எளிய வேலையன்று. ஆகவே, அழியக்கூடியதில் பழக வேண்டும், அழியாததில் பதிக்க வேண்டும் என்பது அன்றைய ஆசிரியர்கள் கண்ட முறை. இதனை வறுமைக்கு ஏற்ற சிக்கனம் என்று மட்டும் கருதலாகாது. தவறு செய்து திருத்திக்கொள்ளும் உரிமையைக் குழந்தைக்கு அளித்த முறையாகவும் கொள்ளலாம்.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

இம்மணல் கடல் கடந்து சென்ற வரலாறு சுவையானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ ஆண்கள் அநாதை விடுதிப் பள்ளியின் மேற்பார்வையாளர் ஆனார். ஒருநாள் வழியில் ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் 'மலபார்' என்ற பெயராலேயே குறிப்பிட்டனர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். பெல் அம்முறையைத் தம் பள்ளியின் கடைசி வகுப்பில் புகுத்த விரும்பினார். அவ்வகுப்பின் ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடமே வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதனைச் செய்து காட்டினான்.

1796இல் ஊர் திரும்பிய பெல், தம் அனுபவத்தை 1797இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் அம்முறை 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றது. 1798இல் இலண்டனின் பரோ சாலையில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் தொடக்க வகுப்பினருக்கு மணல் தட்டையும், அடுத்த நிலையினருக்குக் கற்பலகையையும் பயன்படுத்தினார். பெல் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், நாட்டுப் பள்ளிகளில் எழுத்துக் கற்பிக்கும் சிக்கன முறையையும், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் பாராட்டி, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்று கருத்துரைத்தார். அதே அறிக்கையில், மக்களின் வறுமையால் பள்ளிகள் நலிந்து வருவதையும் அவர் மறைக்காமல் எழுதினார். முறை கடல் கடந்து வாழ்ந்தது. அது பிறந்த திண்ணையோ மெலிந்தது. பின்னர் சட்டமிட்ட கற்பலகை நம் பள்ளிகளில் பரவியது. அதுவே நம் பாட்டன்மார் காலத்துச் 'சிலேட்டு'.

அழிவதன் அறிவியல்

சிலேட்டில் எழுத்து எவ்வாறு விழுகிறது? எவ்வாறு அழிகிறது? வேதியியல் மாணவன் என்ற முறையில் இதனைச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

களிமண் படிவுகள் நிலத்தின் அடியில் பெரும் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உட்பட்டுச் சிலேட்டுக் கல்லாக மாறுகின்றன. அதிலுள்ள மைக்கா போன்ற கனிமங்கள் ஒரே திசையில் தட்டையாகப் படிவதால், அக்கல்லை உளி கொண்டு ஏடு ஏடாகப் பிளக்கலாம். ஆந்திரத்தின் மார்க்காபூர் இக்கல்லுக்குப் பெயர் பெற்ற ஊர்.

கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மாக்கல்லின் முதன்மைக் கனிமமான டால்க் 1, ஜிப்சம் 2, நம் விரல் நகம் ஏறத்தாழ 2.5. சிலேட்டுக் கல் பெரும்பாலும் 3க்கு மேல். மென்மையான மாக்கல் பலப்பத்தால் கடினமான சிலேட்டில் கோடு இழுத்தால், தேய்வது பலப்பமே. அதன் துகள்கள் கல்லின் நுண்ணிய மேடு பள்ளங்களில் தங்குகின்றன. வேதிப் பிணைப்பு எதுவும் அங்கே நிகழ்வதில்லை. ஆகையால் ஈரத்துணியால் துடைத்ததும் துகள் வந்துவிடுகிறது. கல் முன்போலவே இருக்கிறது. தாளில் பென்சில் எழுதும்போதும் காரியத் துகள்தான் படிகிறது. ஆனால் தாளின் நார் மென்மையானது. இரண்டு மூன்று முறை அழித்தால் நார் பெயர்ந்து தாள் கிழிந்துவிடும்.

நாம் 'சாக்பீஸ்' என்று சொல்லும் சுண்ணக்கட்டி நம் நாட்டில் பெரும்பாலும் பாரிஸ் சாந்தினால் ஆனது. ஜிப்சத்தை ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் சூடாக்கினால் அதிலுள்ள படிக நீரில் முக்கால் பங்கு நீங்கிப் பாரிஸ் சாந்து கிடைக்கிறது. நீர் கலந்து அச்சில் வார்த்தால் மீண்டும் ஜிப்சமாக இறுகுகிறது. இரண்டாம் ஆண்டு மாணவர் எவரும் செய்யக்கூடிய எளிய வினை இது.

இன்று வெண்பலகைகளும் வந்துள்ளன. அவற்றின் மேற்பரப்பு நுண்துளை இன்றி வழுவழுப்பாக இருக்கும். எழுதும் மையில் ஆல்கஹால் போன்ற கரைப்பானும், நிறம் பலகையில் ஒட்டாமல் தடுக்கும் பொருளும் சேர்ந்துள்ளன. கரைப்பான் ஆவியாகியதும் நிறம் மேலே மிதந்தாற்போல் நிற்பதால் உலர்ந்த துணியாலேயே அழிகிறது. ஆனால் மூடியைச் சரியாக மூடாவிட்டால் பேனா உலர்ந்துவிடும். புதிது வாங்க வேண்டும். கடைகளில் விற்கும் திரவப் படிக எழுதுபலகையில் எழுத மின்சாரம் தேவையில்லை, அழிக்க மட்டும் தேவை. அதன் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால் பலகை அப்படியே நின்றுவிடும். அன்றியும், அவற்றுள் பெரும்பாலானவை பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் ஒருசேர அழித்துவிடும். சிலேட்டில் தவறிய ஓர் எழுத்தை மட்டும் விரல் நுனியால் துடைத்துத் திருத்தலாம். கற்கும் குழந்தைக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. திரும்பத் திரும்பப் பயன்படுவது பலகை மட்டுமே. எழுதுகோல் தேய்ந்துகொண்டே இருக்கும். எனவே ஏழைப் பள்ளிக்கு ஒரு பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது, பலகையின் விலையைக் கேட்பதோடு நில்லாமல், அதன்மேல் எழுத ஆண்டு முழுவதும் என்ன செலவாகும் என்றும் கேட்க வேண்டும்.

குச்சிக்குப் பின்னால் ஒரு மூச்சு

சிலேட்டைப் போற்றி எழுதும் நான் ஒரு கசப்பான உண்மையை மறைக்கலாகாது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பகுதி சிலேட்டுக் குச்சித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே குச்சிகளை மாக்கல்லிலிருந்து செய்வதில்லை. படிவுப் பாறையை மின்விசை இரம்பத்தால் அறுத்துச் செய்தனர். அப்போது எழும் நுண்தூசியில் சிலிக்கா மிகுதி. அத்தூசியைச் சுவாசித்த தொழிலாளர் பலர் இளம் வயதிலேயே சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாகினர். நுரையீரலில் படிந்த சிலிக்கா திசுவைத் தழும்பாக்கிவிடும்; அதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. இத்தொழிலாளருக்கெனத் தனி நலநிதிச் சட்டம் ஒன்றை 1982இல் அம்மாநிலம் இயற்ற வேண்டிவந்தது.

ஓர் ஏழைக் குழந்தையின் எழுத்துக்காக மற்றோர் ஏழைக் குழந்தை தந்தையை இழப்பது எவ்வகையில் முறையாகும்? நீர் தெளித்து அறுத்தலும், தூசியை உறிஞ்சும் கருவி பொருத்துதலும் ஆபத்தைக் குறைக்கும். அச்சில் வார்க்கும் சுண்ணக்கட்டியில் பாறையை அறுக்கும் வேலையே இல்லை. எனவே தொடக்கப் பள்ளிக்கு வார்த்த சுண்ணக்கட்டியே மேல் என்பது என் கருத்து. அதன் தூசியும் குழந்தையின் மூக்குக்கு நல்லதன்று. அதற்கு ஈரத்துணி போதும்.

எங்கே உதவும்? எங்கே உதவாது?

"இந்தக் காலத்தில் சிலேட்டா?" என்று நண்பர்கள் சிரிக்கக் கூடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் குறிப்பேடுகள் விலையின்றி வழங்கப்படுகின்றன. அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ் எழுத்துகள் 247. ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதினால் 2,470 எழுத்துகள். சிறு குழந்தையின் பெரிய கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு 50 எழுத்துகள் என்று கொண்டால், ஏறத்தாழ 50 பக்கங்கள் தேவை. 40 பக்க நோட்டு ஒன்று எழுத்துப் பயிற்சிக்கே போதாது. சொல்லும் தொடரும் கணக்கும் பிறகு எங்கே எழுதுவது? பத்து முறையில் 'ழ'வும் 'ஞ'வும் கைக்கு வந்துவிடுமா?

இதனை உணர்ந்தவர்கள் முன்பே இருந்துள்ளனர். 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் வந்த 'கரும்பலகைத் திட்டம்' தொடக்கப் பள்ளிகளுக்கு அடிப்படைப் பொருள்களை வழங்க முனைந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறையில், வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைத்தனர். ஆசிரியருக்கு மட்டும் உரியதாக இருந்த கரும்பலகையில் பிள்ளைகளுக்கும் பங்கு கிடைத்தது.

சிலேட்டுக்குக் குறையும் உண்டு. எழுதியது நிற்காது. சென்ற மாதம் குழந்தை எப்படி எழுதியது, இந்த மாதம் எப்படி எழுதுகிறது என்று பெற்றோரும் ஆசிரியரும் ஒப்பிட முடியாது. குழந்தைக்கும் தன் வளர்ச்சியைத் தானே பார்க்கும் மகிழ்ச்சி கிட்டாது. ஆகவே நோட்டை நீக்கிவிட்டுச் சிலேட்டைக் கொடு என்று நான் சொல்லவில்லை. பழகுவதற்குப் பலகை, பதிவதற்கு நோட்டு என்பதே என் கோரிக்கை. மணலுக்குப் பின் ஓலை என்று நம் முன்னோர் வைத்த வரிசையும் இதுதானே!

நாமே செய்யலாம்

முகாம் முடிந்தபின் எங்கள் குழுவினர் சிலர் விடுதியில் அமர்ந்து கைப்பலகைகள் செய்து பார்த்தோம். முதலில் அட்டைப்பெட்டியின் தடித்த அட்டையில் பளபளக்கும் கறுப்பு எனாமல் பூசினோம். பார்வைக்கு அழகாக இருந்தது. சுண்ணக்கட்டி வழுக்கிற்று, எழுத்தே விழவில்லை. துகள் தங்குவதற்கு மேடு பள்ளம் வேண்டும் என்ற பாடத்தை நாங்கள் புத்தகத்தைவிட அந்த அட்டையில்தான் நன்றாகக் கற்றோம். பின்னர் பளபளப்பற்ற கரும்பலகை வண்ணம் வாங்கினோம். அட்டை, ஈரம் பட்டதும் நெளிந்தது. ஆகவே தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட ஒட்டுப்பலகைத் துண்டுகளைக் கேட்டு வாங்கினோம்.

நாங்கள் இறுதியாகக் கண்ட முறை இது:

1. ஒட்டுப்பலகைத் துண்டை ஒரு முழம் நீளம், ஒரு சாண் அகலத்துக்கு அறுத்து, ஓரங்களையும் பரப்பையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

2. கரும்பலகை வண்ணத்தை மெல்லியதாகப் பூசி ஒருநாள் காயவிட வேண்டும். உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து மறுபூச்சுக் கொடுத்து, மேலும் இரண்டு நாள் காயவிட வேண்டும்.

3. முதன்முதலில் எழுதுவதற்கு முன் சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். நுண்துளைகளில் சுண்ணத்தூள் ஒரே சீராக நிரம்பிவிடும். இவ்வாறு செய்யாவிடில் முதலில் எழுதிய எழுத்து நிழல்போல் தங்கிவிடும்.

4. பழைய பருத்தித் துணியை மடித்துத் தைத்துப் பலகையின் மூலையில் நூலால் கட்டிவிட்டால் எச்சில் தொட்டு அழிக்கும் பழக்கம் குறையும்.

பலகை மங்கினால் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துத் தேய்ப்பது கிராமத்துப் பிள்ளைகள் அறிந்த முறையே. சில ஊர்களில் ஊமத்தை இலையையும் சேர்ப்பர். ஊமத்தை நச்சுச் செடியாதலால் குழந்தைகளைத் தொடவிடலாகாது. பலகைக்கும் வழியில்லாத இடத்தில் ஒரு பழைய தட்டில் சலித்த உலர்மணல் போதும்; அதற்குக் குச்சிகூட வேண்டா.

முடிவுரை

பலகைகளை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து அப்பள்ளிக்குச் சென்றோம். ஆளுக்கொரு பலகை கொடுத்தோம். அச்சிறுமி தன் பெயரை எழுதினாள். நடுவில் ஓர் எழுத்துத் தவறியது. யார் முகத்தையும் பார்க்காமல் விரலால் அதை மட்டும் துடைத்துவிட்டு, சரியாக எழுதி, அடுத்த எழுத்துக்குப் போய்விட்டாள். நாங்கள் எதிர்பார்த்ததும் அதுதான்.

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் முகாம் நடைபெறுகிறது. ஒவ்வொரு முகாமிலும் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தேவையான கைப்பலகைகளை நாமே செய்து கொடுக்கலாம். வேதியியல் துறையினர் சுண்ணக்கட்டி வார்க்கலாம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் இது பெரிய செயலன்று. நம்மில் பலர் எங்கிருந்து வந்தோம் என்பதை நாம் அறிவோம். உடைந்த சிலேட்டுக்கு மாற்று இல்லாமல் ஒரு பிள்ளையும் களையெடுக்கப் போகும் நிலை நம் கண்ணெதிரே இனி நேராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒரு பலகை செஞ்சு குடுப்பா, பால் கணக்கு எழுத" என்றார். செய்து கொடுத்திருக்கிறேன். கோடுகளுக்கு மேலே தம் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்.